பத்துப் பாடல்களில் எர்த், விண்ட் அண்ட் ஃபயர்

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஃபங்க், சோல் இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று யாழ்ப்பாணத்தில் யார் கேட்டாலும், 1978 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘த பெஸ்ட் ஒஃப் எர்த், விண்ட் அண்ட் ஃபயர், முதலாம் தொகுதி’ என்ற பாடல் தொகுப்பையே நான் முதலில் சொல்வேன். இது எர்த், விண்ட் அண்ட் ஃபயர் என்ற அமெரிக்க இசைக்குழுவின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுகிறது என்பதையும் கூடவே சொல்லிவிடுவேன்.

குழுவை நிறுவிய மொறிஸ் வைட் அடிப்படையில் ஒரு ட்ரம்ஸ் கலைஞர். மெம்பிஸில் பிறந்த அவர், சிக்காகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் ஒலிப்பதிவுகளுக்கு வாசித்து, பின்னர் ரம்சி லூயிஸின் ஜாஸ் மூவரணியிலும் இடம்பெற்று, அதன் பிறகே தனக்கென ஒரு குழுவை அமைத்தார். தாளத்தை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் பாடல் அமைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இந்த இசைத்தட்டிலுள்ள பத்துப் பாடல்களுமே சான்று.

1975 இல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்ற ‘ஷைனிங் ஸ்டார்’ பாடலையே எடுத்துக்கொள்வோம். கிற்றார் தொடங்கிவைக்க, மொறிஸின் தம்பி வேர்டீனின், தாழ்சுரங்களை ஒலிக்கும் பாஸ் கிற்றார் அடியில் இறங்கி நடக்க, ஒவ்வொரு வாத்தியமும் மற்றதற்கு இடம்விட்டே பேசுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் முழங்கும் இடங்கள் குறைவு என்பதாலேயே, அப்படி முழங்கும்போது அதன் வலு இரட்டிப்பாகிறது. முடிவும் அபாரமானது. வாத்தியங்கள் விலகி, ஒலிப்பதிவின் எதிரொலியும் வற்றி, கடைசியில் குரல்கள் மட்டும் காதோரம் வந்து நிற்க, பாட்டுச் சட்டென்று அறுந்துவிடுகிறது. அந்தச் சில விநாடிகளை நல்ல ஹெட்போனில் கேட்காதவர் இந்தப் பாடலைக் கேட்டதாகவே நான் கொள்ளமாட்டேன்.

‘கெற்றவே’ இன்னொரு வகை. ஊதுகருவிகளும் கிற்றாரும் ஒன்றுசேர்ந்து மிக விரைவாக அடுக்கிச் செல்லும் அதன் தொடக்கம், தாளம் தவறிவிட்டதோ என்று ஒரு கணம் எண்ணவைத்துப் பின்னர் சமத்தில் (தாளச் சுற்றின் முதல் அடியில்) வந்து கச்சிதமாக விழுகிறது. இணுவில் பக்கத்து மேளக்கச்சேரிகளில் தவில்காரர் தீர்மானம் (முடிவுத் தாளக்கோர்வை) வைக்கும்போது கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாரே, அதே எதிர்பார்ப்பு இங்கேயும் உண்டு. தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு ஃபங்க் அந்நியமாகப் படாது என்று நான் உறுதியாக நம்புவதற்கு இந்தத் தொடக்கமே காரணம்.

மெல்லிசைப் பக்கத்தில் ‘தற்ஸ் த வே ஒஃப் த வேர்ல்ட்’ தலைசிறந்தது. மொறிஸ், வேர்டீன் ஆகியோருடன் அதை ஆக்கிய சார்ள்ஸ் ஸ்ரெப்னி 1976 இல் காலமானார். அந்தக் குழுவின் ஒலிக்கு அகலத்தையும் கனிவையும் தந்தவர்களில் அவர் முதன்மையானவர். ‘றீசன்ஸ்’ பாடலில் ஃபிலிப் பெய்லியின் உச்சக் குரல் ஏறும் உயரம் வியக்கவைப்பது. திருமணங்களில் விரும்பி ஒலிக்கவிடப்படும் அப்பாடல் உண்மையில் ஓரிரவு உறவைப் பற்றியது என்று பெய்லியே சொல்லியிருக்கிறார். ஆகவே வரவேற்பு நிகழ்வுக்குப் பாட்டுத் தெரிவு செய்பவர்கள் வரிகளையும் ஒருமுறை கவனிப்பது நல்லது.

‘செப்ரெம்பர்’ பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது அந்தக் காலத்து முழு இசைத்தட்டு எதற்காகவும் அமைக்கப்படாமல் இந்தத் தொகுப்போடு வெளிவந்த பாடல் என்பதால், அதற்காகவே பலர் இதை வாங்குகிறார்கள். அதில் தவறில்லை.

என் குறை தெரிவு பற்றியது. குழுவின் முதல் இசைத்தட்டு 1971 இலேயே வந்துவிட்டது. இருந்தும் இதிலுள்ள பாடல்கள் எல்லாமே 1975 ஐயோ அதற்குப் பிந்திய ஆண்டுகளையோ சேர்ந்தவை. மரப்பெட்டியில் பொருத்திய உலோக நாக்குகளைப் பெருவிரல்களால் மீட்டும் கலிம்பா என்ற ஆபிரிக்க வாத்தியம் மொறிஸின் அடையாளமாகவே இருந்தது. அதை முன்னிறுத்தும் உருப்படி ஒன்றுகூட இங்கே இல்லை. 1977 இல் வெளிவந்த ‘சேர்ப்பன்ரைன் ஃபயர்’ விடுபட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பீட்டில்ஸ் குழுவின் பாடலொன்றுக்கு இவர்கள் அமைத்த மீள்வடிவம் சிறப்பானது, வாத்திய இசைக்கோர்ப்புக்காகக் கிராமி விருதும் பெற்றது. ஆனால் தம் சொந்தப் படைப்புகளால் பேர்பெற்ற ஒரு குழுவின் தொகுப்புக்கு அது முதற் பாடலாக அமைவது பொருத்தமாகத் தோன்றவில்லை. கால வரிசையும் பின்பற்றப்படாததால், குழு வளர்ந்த விதத்தை இதைக் கேட்டுப் புரிந்துகொள்ள இயலாது.

யாழ். நகரக் கடைகளில் இதன் இறுவட்டைத் தேடி அலைவதைவிட இணையத்தில் கேட்பதே இன்று இலகுவானது. கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மட்டும் கேட்கவேண்டாம். மின்சாரமில்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கசற் கேட்ட தலைமுறைக்குத் தெரியும், அப்படிப்பட்ட கருவியில் பாடகரின் குரல் வரும், பாஸ் வராது. இந்த இசையிலோ பாதி உயிர் பாஸில் இருக்கிறது.

பத்துப் பாடல்களும் பிடித்துவிட்டால், 1975 ஆம் ஆண்டின் ‘தற்ஸ் த வே ஒஃப் த வேர்ல்ட்’, 1977 ஆம் ஆண்டின் ‘ஓல் அண்ட் ஓல்’ ஆகிய இரண்டு இசைத்தட்டுகளையும் முழுமையாகக் கேளுங்கள். ஆரம்ப காலத்தையும் அறிய விரும்புவோருக்கு, 1992 இல் மூன்று இறுவட்டுகளாக வந்த ‘த இற்றேணல் டான்ஸ்’ இருக்கிறது.