உப்புக்காற்றில் ஒரு வைஃபை வானொலி: தங்கச்சிமடத்துப் படுக்கையறை அனுபவம்

படுக்கையறைக்கு இணைய வானொலி, அதாவது வீட்டு வைஃபை வழியாக நிலையங்களைப் பிடிக்கும் பெட்டி, வாங்க நினைப்பவர்கள் ஒலித்தரத்தைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். தலைமாட்டில் வைத்து அரை ஒலியில் கேட்கப் போகும் பெட்டிக்கு அது கடைசிக் கேள்வி. இணையம் அறுந்த பிறகு அந்தப் பெட்டி என்ன செய்யும் என்பதே முதல் கேள்வி. ராமேஸ்வரம் தீவில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் சில மழைக்காலங்களைக் கடந்துவிட்ட ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

ராமநாதபுரத்துக் கடைகளில் வைஃபை வானொலி என்று கேட்டால் புளூடூத் ஸ்பீக்கரை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். இணையத்தில் வாங்கலாம், அல்லது வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் சொல்லி விடலாம். எங்கள் பெட்டி சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மைத்துனர் கொண்டுவந்தது. அங்கும் மலேசியாவிலும் துபாயிலும் சதுரக் கால் வைத்த மூன்று முனை பிளக்தான் வழக்கம். நம் சுவரில் அது நுழையாது. மாற்று பிளக் போட்டால் ஆடிக்கொண்டே இருக்கும், ஆடினால் பொறி பறக்கும். ஆகவே யுஎஸ்பி வழியாக மின்சாரம் ஏற்கும் பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். உள்ளூர் சார்ஜர் போதும், கெட்டுப்போனால் பாம்பனிலேயே வாங்கிவிடலாம். பெட்டியின் பெயரை எழுதவில்லை. அதன் குறைகளைத்தான் நிறையச் சொல்லப் போகிறேன் என்பதால் மட்டுமல்ல, இந்த மாடல் இப்போது விற்பனையிலும் இல்லை.

இது அப்பாவின் அறைக்காக வாங்கியது. அவர் கடல்தொழில் செய்து ஓய்ந்தவர். படகிலும் கரையிலும் வானொலி இல்லாமல் இருந்ததில்லை. தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை, 200 கிலோவாட் வலிமையோடு கடல்மேல் வழுக்கிக்கொண்டு வந்து சேரும். இலங்கையின் தமிழ் நிலையங்கள் அதைவிடப் பக்கம். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்தான் இருக்கும். காற்று அசையாத கோடை இரவுகளில் அந்தப் பக்கத்து எஃப்எம் நிலையங்கள் நம் ஊர் நிலையங்களைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் சிற்றலை போய்விட்டது. பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30 அன்று வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது. 1941இல் தொடங்கிய சேவை அது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலி 2018 ஜூன் இறுதியில் சிற்றலையை மூடிவிட்டு இணையத்துக்குப் போனது. எஞ்சியிருந்த மத்திய அலையை வீட்டுக்குள் இருக்கும் எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் இன்வெர்ட்டரும் சேர்ந்து கெடுத்துவிட்டன. இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கினால் அப்பாவின் பழைய பெட்டியில் ஒரே இரைச்சல். செய்தியறிக்கையை வண்டு தின்றுவிட்டது என்பார். வைஃபை வானொலி எங்கள் வீட்டுக்குள் வந்தது இப்படித்தான்.

முதல் நாள் வேலை கடவுச்சொல்லை ஏற்றுவது. தட்டச்சுப் பலகை கிடையாது. ஒரு குமிழைத் திருப்பித் திருப்பி ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்த வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி என்று கலந்து வைத்த பாதுகாப்பான கடவுச்சொல் என்றால் அன்றைய மாலை போய்விடும். ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் பொத்தான் இருந்தால் இரண்டையும் அழுத்தி இணைத்துவிடலாம். இணைப்புக்காரர் ஒருமுறை பழுது பார்க்க வந்து, நம்மைக் கேட்காமல் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் போனார். கைப்பேசிகளில் உடனே சரிசெய்துகொண்டோம். வானொலி மட்டும் மறுபடி குமிழ் திருப்பலுக்கு வந்தது.

நம் வீடுகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: இரும்பு பீரோ. ரவுட்டர் கூடத்தில், வானொலி படுக்கையறையில், இரண்டுக்கும் நடுவே பீரோ என்றால் அலை பாதியாகிவிடும். பெட்டியின் அமைப்புப் பட்டியலுக்குள் (மெனு) போனால் சிக்னல் அளவு காட்டும் பக்கம் இருக்கும். அதைத் திறந்துவைத்துக்கொண்டு, அறைக்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். பீரோவின் மறைவில் முப்பதைத் தாண்டாத எண், சன்னலோரத் திண்டில் எழுபதுக்குப் போனது. பாட்டு நடுநடுவே அறுந்ததெல்லாம் அதோடு நின்றது. இவ்வகைப் பெட்டிகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே இணையும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவரையும் எனக்குத் தெரியும்.

இனி இரவு. விளம்பரப் படங்களில் வண்ணத்திரைதான் பெரிதாகத் தெரியும், நிலையத்தின் சின்னம், வானிலை, கடிகாரம் எல்லாம் மின்னும். இருட்டு அறையில் அந்தத் திரை ஒரு தொல்லை. ஒளியை ஆகக் குறைவாக வைத்தாலும் எதிர்ச்சுவரில் நீலம் படிகிறது. “அறைக்குள் நிலா எதற்கு?” என்று அப்பா முதல் இரவே துண்டை எடுத்து மூடிவிட்டார். திரையை முழுவதும் அணைக்கும் வசதி எங்கள் பெட்டியில் இருந்தது, ஆனால் பட்டியலின் நாலாவது அடுக்கில் ஒளிந்திருந்தது. வாங்குமுன் பயனர் கையேட்டை இணையத்தில் இறக்கி, திரை முழுவதும் அணையுமா என்று மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஒலியின் முதல் படி. சுழியத்திலிருந்து ஒன்றுக்கு நகர்த்தியவுடனே பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிவிடும் பெட்டிகள் உண்டு. எங்களுடையது அந்த வகை. தலையணைக்கு அருகில் வைப்பதை விட்டுவிட்டு அறையின் மறுகோடிக்குத் தள்ளித்தான் அதைச் சமாளித்தோம்.

தூங்கும் நேரக் கணக்கு ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. கால் மணி, அரை மணி, ஒரு மணி என்று வைத்தால் தானாக அணையும். எங்கள் பெட்டி அணையும்போது சட்டென்று நிற்கும், அந்த நிசப்தத்திலேயே அப்பா விழித்துக்கொள்வார். மெல்ல மெல்லத் தேய்ந்து அணையும் பெட்டி கிடைத்தால் அதற்காகச் சற்றுக் கூடுதலாகவே கொடுக்கலாம்.

கண்புரை அறுவைக்குப் பிறகும் அப்பாவுக்கு இருட்டில் சிறிய எழுத்து தெரியாது. ஆகவே மேற்புறத்தில் வரிசையாக நிற்கும் எண் பொத்தான்கள்தான் அவருக்கு வானொலி. விரலால் இடப்பக்க ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே வருவார்: முதலாவது தூத்துக்குடி, இரண்டாவது இலங்கை, மூன்றாவது மாதா பாட்டுகள் போடும் ஒரு நிலையம். எல்லாப் பொத்தான்களும் ஒரே வழவழப்பாக இருந்ததால் இரண்டாவதன்மேல் ஒரு துளி பசை விட்டு உலரவைத்தேன். அந்தச் சின்ன மேடு இன்னும் தேயவில்லை. பத்தாயிரம் நிலையங்கள் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். தனித்தனிப் பொத்தான் எத்தனை என்று எண்ணுங்கள். தொடுதிரை மட்டும் உள்ள பெட்டியை வயதானவர் அறைக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

என் மனைவியின் சுவை வேறு. அவளுக்கு மலேசியாவின் மின்னல் எஃப்எம். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. நமக்கு ஒன்பதரை ஆகும்போது அங்கே நள்ளிரவு. பின்னிரவுப் பாடல்களை நாம் சாப்பிட்ட கையோடு கேட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சொந்தம் இருக்கும் வீடுகள் இந்தக் கரையோரம் நிறைய. அவர்கள் கேட்கும் அதே பாட்டை அதே சமயத்தில் கேட்டோம் என்று தொலைபேசியில் சொல்லிக்கொள்வதில் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது. ‘அதே சமயத்தில்’ என்பது முழு உண்மையில்லை. இணைய ஒலி அரை நிமிடம் வரை பின்தங்கி வரும். இந்தப் பெட்டியின் மணியோசையை வைத்துக் கைக்கடிகாரத்தைத் திருத்தாதீர்கள்.

மின்வெட்டுக்கு வருவோம். வானொலியில் உள்மின்கலம் இருந்தும் பயனில்லை, ரவுட்டர் அணைந்துவிட்டால் அதுவும் ஊமை. மின்சாரம் திரும்பியதும் ரவுட்டர் எழுந்து, இணைப்பு வந்து, பெட்டி அதைக் கண்டுபிடித்துப் பாடத் தொடங்குவதற்குள் சில நிமிடங்கள் ஓடிவிடும். இப்பெட்டிகள் மணியையும் இணையத்திலிருந்துதான் பெறுகின்றன. அதிகாலை வெட்டுக்குப் பிறகு இணைப்பு வராவிட்டால் கடிகாரம் சுழியத்தில் நின்றுகொண்டிருக்கும், விழிப்பு மணியும் அடிக்காது. கடலுக்குப் போகும் வீடுகளில் அது விளையாட்டல்ல. ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டியது வானொலியைவிட நல்ல செலவு. கைப்பேசியில் ஓர் அலாரமும் வைத்துக்கொள்கிறோம்.

ஆகவே எஃப்எம் இல்லாத இணைய வானொலியை இந்தக் கரையில் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பாம்பனில் 2016இலிருந்து கடல் ஓசை 90.4 இருக்கிறது, மீனவர்களுக்கான சமுதாய வானொலி. சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் வலிமையே குறைவு, ஒரு சில ஊர்களுக்குத்தான் எட்டும். ஆனால் காற்றும் மழையும் அடித்து, தெருவில் கம்பிவடம் அறுந்து, கைப்பேசிக் கோபுரமும் தள்ளாடும்போது பக்கத்து ஊர்க் குரலுக்குத்தான் மதிப்பு. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது எங்கள் வீட்டு இணையம் முதல் ஆளாய்ப் போனது. பெட்டி மின்கலத்தில், எஃப்எம்மில் ஓடியது. ஆன்டெனா கம்பியை முழு நீளத்துக்கு இழுத்து, சன்னல் கம்பியில் சாய்த்து வைத்திருந்தோம்.

அட்டைப்பெட்டியில் டிஏபி (ஒரு டிஜிட்டல் வானொலி முறை) என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ஐரோப்பாவுக்கு அது பயன்படும். இந்தியாவில் அந்த ஒலிபரப்பு இல்லை, நம் அகில இந்திய வானொலி தேர்ந்தெடுத்தது டிஆர்எம் என்ற வேறு முறையை.

கடையிலும் விளம்பரத்திலும் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்தப் பெட்டிகள் நிலையங்களை நேரடியாகத் தேடுவதில்லை. எங்கோ ஒரு நிறுவனம் பராமரிக்கும் பட்டியலைப் பார்த்துத்தான் முகவரி தெரிந்துகொள்கின்றன. அந்தப் பட்டியல்காரர் கடையை மூடினால், கையில் இருக்கும் நல்ல பெட்டி வெறும் மரத்துண்டு. பல நிறுவனங்களின் பெட்டிகளுக்குள் இருப்பது ஃபிரான்டியர் நிறுவனத்தின் சில்லுதான். 2019 மே மாதத்தில் அவர்கள் விடியூனர் பட்டியலிலிருந்து ஏரபிள் பட்டியலுக்கு மாறினார்கள், உலகெங்கும் பலருடைய சேமித்த நிலையங்கள் அழிந்தன. ரெசிவா என்ற பட்டியல் 2021 ஏப்ரலோடு மூடப்பட்டது. லாஜிடெக்கின் ஸ்குவீஸ்பாக்ஸ் பெட்டிகளுக்கான இணையச் சேவை 2024இல் நின்றது. பட்டியல் இருந்தாலும் நிலையங்கள் ஒலியை அனுப்பும் முறையை மாற்றிக்கொள்கின்றன. அகில இந்திய வானொலி எச்எல்எஸ் என்ற முறையில் தருகிறது. பழைய பெட்டிகள் பலவற்றுக்கு அது புரியாது, நிலையத்தின் பெயர் திரையில் தெரியும், சத்தம் மட்டும் வராது.

எங்களுக்கும் ஒருநாள் இது நேர்ந்தது. மென்பொருள் புதுப்பிப்புக்குச் சம்மதம் கேட்டது, அழுத்தினோம், மறுநாள் அப்பாவின் பொத்தான்கள் எல்லாம் காலி. உற்பத்தி நிறுவனத்துக்கு எழுதினால், மறுபடி சேமித்துக்கொள்ளுங்கள் என்று ஒற்றை வரிப் பதில். பொத்தான்களை மறுபடி நிரப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. நிலையத்தின் இணைய முகவரியை நாமே தட்டி ஏற்ற வழி இருக்கிறதா, புளூடூத் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது இதனால்தான். பட்டியல் செத்தாலும் கைப்பேசியிலிருந்து ஒலியை அனுப்பலாம்.

உப்புக்காற்று தனிக்கதை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சன்னலோரம் எதை வைத்தாலும் பிசுபிசுப்பு. ஒலிபெருக்கியின் முகப்பில் இரும்புச் சல்லடை இருந்தால் முதல் மழைக்காலத்துக்குள் துருப்புள்ளிகள் வந்துவிடும். துணி முகப்பு தாங்குகிறது. எங்கள் பெட்டியில் முதலில் போனது காதொலிக் குழி. உள்ளே களிம்பேறி, எதுவும் செருகாதபோதே செருகியிருப்பதாக நினைத்துக்கொண்டு ஒலிபெருக்கியை ஊமையாக்கியது. பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெல்லச் சுழற்றியதும் பேசத் தொடங்கியது. இப்போது அந்தக் குழியைச் சிறு ரப்பர் மூடியால் அடைத்து வைத்திருக்கிறேன். எஃப்எம் கம்பியின் கணுக்களில் மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவிய துணியால் துடைப்பது அப்பாவின் ஏற்பாடு. படகு எஞ்சினைப் பார்த்துக்கொண்ட கை அது.

தரவுச் செலவு பற்றி அதிகம் பேர் பயப்படுகிறார்கள். 128 கிலோபிட் நிலையம் மணிக்கு 58 எம்பி அளவுதான் எடுக்கும். இழை இணைப்பு உள்ள வீட்டில் இது ஒரு கணக்கே இல்லை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில், நாளுக்கு ஒன்றரை ஜிபி திட்டத்தில், இரவு முழுக்க ஓடவிட்டால் மட்டும் யோசிக்க வேண்டும். அப்போதும் 64 கிலோபிட் நிலையமாகத் தேர்ந்தெடுத்தால் பாதியாகிவிடும், பேச்சு நிகழ்ச்சிக்கு அது தாராளம்.

இன்னொன்று வாங்குவேனா? அப்பாவுக்காக என்றால் வாங்குவேன். பொத்தானை அழுத்தினால் பேசும் பெட்டிதான் அவருக்கு வேண்டும். குரலுக்குக் கீழ்ப்படியும் ஸ்பீக்கர் ஒன்றை மகன் வாங்கி வைத்துப் பார்த்தான். “பெட்டி பேசட்டும், நான் கேட்கிறேன். நான் எதற்குப் பெட்டியோடு பேச வேண்டும்?” என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்காக என்றால் இந்தச் செலவு செய்ய மாட்டேன். அலமாரியில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் சிம்மை எடுத்துவிட்டு, வானொலிச் செயலி ஒன்றை மட்டும் ஏற்றி, ஒரு சிறு ஸ்பீக்கரோடு இணைத்தால் என் தேவை முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு மச்சானுக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். கூடவே கையடக்க எஃப்எம் பெட்டி ஒன்றையும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன், 90.4க்காக.