நாலரை கிலோ

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை கொண்டுவந்த பெட்டியில் பாதி இடத்தைப் பால் புட்டிகளே அடைத்திருந்தன. மகளுக்கு மேல் உதட்டில் பிளவு. பிறந்ததிலிருந்து வீடியோ காலில் மட்டும்தான் பார்த்திருந்தேன். ஒவ்வொரு முறையும் மனைவி துண்டை வாய் வரைக்கும் இழுத்துவிட்டுத்தான் காட்டுவாள். பெங்களூரில் இறங்கி, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி, பென்னாகரம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த இரவில்தான் துண்டில்லாமல் பார்த்தேன். இடது மூக்கு வரைக்கும் பிளவு. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போது பத்து வாரம். எடை 3.4 கிலோ. உதட்டு அறுவைக்கு மருத்துவர்கள் பொதுவாகப் பார்ப்பது மூன்று பத்துகளை: 10 வாரம், 10 பவுண்டு, ஹீமோகுளோபின் 10. பத்து பவுண்டு என்றால் ஏறக்குறைய நாலரை கிலோ. அது இருந்தால்தான் மயக்க மருந்தைக் குழந்தை நன்றாகத் தாங்கும். வாரக் கணக்கு ஆகிவிட்டது, எடைதான் இல்லை. பிரசவம் நடந்த தனியார் மருத்துவமனையில், "வளர்ந்தப்புறம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். பால் எப்படிக் கொடுப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சொல்லித் தந்தவர் எங்கள் துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மா. பத்தாவது வாரத் தடுப்பூசிக்குப் போயிருந்தோம். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். அண்ணத்திலும், அதாவது வாயின் மேல்கூரையிலும், பிளவு இருந்தது. "உறிஞ்ச விசை வராது தம்பி. குடிக்கிறதுக்குள்ளயே களைச்சுப் போயிடும். இந்த புட்டியெல்லாம் உள்ள வைங்க" என்று சொல்லி, பால் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான எவர்சில்வர் பாலாடை ஒன்றைக் கொதிநீரில் போட்டு எடுத்தார். குழந்தையை மடியில் நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடையின் மூக்கைக் கீழ் உதட்டில் தொட்டு, கன்னத்துப் பக்கமாகச் சாய்த்து, சொட்டுச் சொட்டாக ஊற்றினார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு. நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம். அரை மணிக்கு மேல் இழுக்கக் கூடாது, குடித்த தெம்பெல்லாம் குடிக்கிற வேலைக்கே போய்விடும் என்றார். மனைவி பிழிந்து எடுத்த தாய்ப்பால் மூக்கு வழியே வராமல் உள்ளே இறங்கியது. அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். 2013-ல் தொடங்கிய, குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்பும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உண்டு. குழந்தைகள் மருத்துவர், காது, இதய ஸ்கேன் எல்லாம் அந்த ஒரே வளாகத்தில் முடிந்தது. கூட்டத்தில் காத்திருந்தோம்தான், ஆனால் ஒரு இடத்திலும் கை நீட்டவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு என் வருமானம் பொருந்தாது என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. உதட்டுப் பிளவுக்கு ஸ்மைல் டிரெயின் அமைப்போடு சேர்ந்த மருத்துவமனைகளில் அறுவை இலவசம் என்றார்கள். சேலத்தில் அப்படி ஒன்றில் தேதி வாங்கினோம். அண்ணத்துக்குத் தனி அறுவை, ஒரு வயதை ஒட்டி, பேச்சு வருவதற்கு முன்னால்.

வீட்டில் வேறொரு பாடு. பக்கத்து வீட்டுப் பாட்டி மனைவியிடம், "கிரகணத்துல வெளிய போனியா சாமி?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. மேல் உதடு ஒன்று சேர்வது கர்ப்பத்தின் 4-லிருந்து 7-வது வாரத்துக்குள். மாதம் தள்ளிப்போனதை நாம் உணர்கிற நேரத்திலேயே அந்த வேலை தொடங்கியிருக்கும். உலகத்தில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒருவர் இப்படிப் பிறக்கிறார். யார் தப்பும் இல்லை. இதை அவளிடம் எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை, இனியும் சொல்வேன்.

எடை 4.4 ஆனபோது தேதி வந்தது. தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போனால், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்த மயக்க மருத்துவர், "சளி இருக்கு, மூணு வாரம் கழிச்சு வாங்க" என்று திருப்பிவிட்டார். சிங்கப்பூருக்குப் போன் போட்டு விடுப்பை நீட்டினேன். அந்த மூன்று வாரமும் இருமுகிறவர் யாரையும் வாசல் தாண்ட விடவில்லை, சொந்தத் தம்பியைக்கூட. அந்த நாட்களில் அம்மா, அப்பாவின் பழைய வேட்டியை மடித்து, உள்ளே அட்டை வைத்து, இரண்டு குட்டிக் கை உறைகள் தைத்தார். அறுவைக்குப் பிறகு உதட்டுத் தையலைப் பிள்ளை விரலால் பிய்த்துவிடாமல் முழங்கையை மடக்கவிடாது வைக்க.

4.9 கிலோவோடு மறுபடி போனோம். காலை 7 மணிக்கு அறுவை. கடைசித் தாய்ப்பாலை 3 மணிக்குள் கொடுத்துவிடச் சொன்னார்கள், குறைந்தது நான்கு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். ஐந்து மணிக்கு அழ ஆரம்பித்தாள். மனைவி தூக்கினால் பால் வாசனைக்கு இன்னும் முட்டி முட்டி அழுதாள், அதனால் வராந்தாவில் நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஏழு மணிக்கு சிஸ்டர் வந்து கையை நீட்டினார். அம்மா தைத்த உறைகளை முதலில் கொடுத்தேன். அப்புறம்தான் பிள்ளையைக் கொடுத்தேன்.