பார்வை போனபின் கைக்கு அகப்பட்டவையும் நழுவியவையும்

கிளாகோமா என்னும் கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வையை முதலில் தின்றுவிட்டுப் பிறகுதான் நடுப்பார்வைக்கு வரும். போன பார்வை திரும்பாது. ஐம்பதைத் தாண்டிய வயதில் எனக்குப் பார்வை முழுதும் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. அன்றாட வேலைகளுக்கு நான் விடாமல் பயன்படுத்திவரும் பொருள்களைப் பற்றி, என்னைப் போன்றவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு இழப்பு மிகக் குறைவாக இருப்பது சமையலறையில்தான். அரிசிக்கு மேல் விரல் கணு அளவு தண்ணீர் வைப்பதும், கடுகு வெடித்து அடங்கும் நேரத்தில் உளுத்தம்பருப்பைப் போடுவதும், குக்கர் விசிலை எண்ணுவதும் பார்வை இருந்த காலத்திலேயே கையும் காதும் செய்துவந்த வேலைகள். கேஸ் அடுப்பில் திருகு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதைத் தொட்டே தீயின் அளவைச் சொல்லிவிடுவேன். பாதுகாப்பு என்று சொல்லி மகள் வாங்கித் தந்த இண்டக்‌ஷன் அடுப்போ முழுக்க வழவழப்பான கண்ணாடி. சூட்டைக் கூட்டும் இடத்தைத் தேடுகிற விரல் பட்டாலே வேறேதோ இயங்கிவிடுகிறது, கூட்டினாலும் குறைத்தாலும் ஒரே 'பீப்' ஒலிதான் வருகிறது. ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் எம்-சீல் என்னும், காய்ந்தால் கெட்டியாகிவிடும் ஒட்டுப்பசையைக் கடுகளவு உருட்டி ஒட்டிய பிறகே அது என் கைக்கு வசப்பட்டது.

ரூபாய்த் தாள் இன்னும் சிரமம்தான். இப்போதைய வரிசையில் 100, 200, 500 மூன்றுக்கும் அகலம் 66 மி.மீ.; நீளம் மட்டும் முறையே 142, 146, 150 மி.மீ. நான்கு மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கடைக்காரர் முன்னால் நின்றுகொண்டு அளந்து பார்க்க முடியாது. ஓரத்துச் சாய்கோடுகள் புதுத்தாளில் விரலுக்குத் தட்டுப்படும், கசங்கிய தாளில் தேய்ந்திருக்கும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட 'மணி' செயலி இணையம் இல்லாமலே மதிப்பைச் சொல்லிவிடுகிறது, ஆனால் நல்ல தாளா கள்ளத் தாளா என்று சொல்லாது. வீட்டில் அதை வைத்துப் பிரித்து, 100 ரூபாயை மடிக்காமலும், 200 ரூபாயைக் குறுக்கிலும், 500 ரூபாயை நெடுக்கிலும் மடித்து வைத்துக்கொள்கிறேன்.

கைபேசியும் கண்ணாடிதான் என்றாலும் அது பேசும் கண்ணாடி. ஆண்ட்ராய்டு கைபேசியிலுள்ள டாக்பேக் என்னும் திரைவாசிப்பு வசதியை இயக்கிவிட்டால் விரல் பட்ட இடத்திலுள்ளதைப் படித்துக் காட்டும், இருமுறை தட்டினால் திறக்கும். பழக்கத்துக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும், அதுவரை எரிச்சலாகத்தான் இருக்கும். கியூஆர் அட்டைக்கு நேராகக் கேமராவைப் பிடிப்பது எனக்கு வரவில்லை. கடைக்காரரின் எண்ணைக் கேட்டு வாங்கி அதற்கே பணம் அனுப்புகிறேன், கடையிலுள்ள ஒலிப்பெட்டி தொகையைத் தமிழில் அறிவித்ததும் இருவருக்கும் நிம்மதி. என் வங்கியின் செயலியில் மட்டும் பல இடங்களில், எதற்கான பொத்தான் என்று சொல்லாமல் "பெயரிடப்படாத பொத்தான்" என்றே டாக்பேக் சொல்கிறது. எழுதிப் போட்டும் சரிசெய்யவில்லை.

பிரெயில் கற்றுக்கொண்டேன், ஆனால் இந்த வயது விரல்களுக்குப் பக்கம் பக்கமாகப் படிக்கும் வேகம் வரவில்லை. மாத்திரை டப்பாக்களில் ஒட்டும் சிறு சீட்டுகளுக்கு மட்டும் அது பயன்படுகிறது. காலை மாத்திரைக்கு ஒரு ரப்பர் பேண்டு, இரவு மாத்திரைக்கு இரண்டு என்று சுற்றி வைப்பது அதைவிட விரைவு.

இனிச் சலவை இயந்திரம் வாங்கப்போகிறவர்கள் கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு அதை இயக்கிப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் 'டக்' என்று நிற்கும் திருகு உள்ளது விலை குறைவாகவும் இருக்கும், பிறர் துணையில்லாமல் இயக்கவும் வரும்.