நியூட்ரல் ஸ்பீக்கரா, தனிக் குரல் உள்ள ஸ்பீக்கரா?

விலை ஏற ஏற ஸ்பீக்கர் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். பதிவில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் தந்தால் போதும், அதாவது ஸ்பீக்கர் 'நியூட்ரலாக' இருக்கட்டும் என்பது ஒரு கட்சி. இவ்வளவு காசு கொட்டுகிறோம், மனசுக்குப் பிடித்த மாதிரி ஒலிக்கட்டுமே என்பது இன்னொன்று. என் ஓட்டு முதல் கட்சிக்குத்தான், ஆனால் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

அவர்கள் சொல்வது, "கலைஞர் கேட்டதையே நாமும் கேட்கலாம்" என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கலைஞர் எந்த ஸ்பீக்கரில் கேட்டார்? 1978-இல் வீட்டு ஸ்பீக்கராக வந்த யமஹா என்எஸ்-10, மிட்ரேஞ்ச் (குரல் விழும் நடுப்பகுதி ஒலி) தூக்கலாக இருந்தும், உலகம் முழுக்க ஸ்டூடியோக்களின் மிக்ஸிங் மேசைகளில் ஏறி உட்கார்ந்தது. அதில் சரிபார்த்த ஆல்பத்துக்கு எது 'அசல்'?

நான் நியூட்ரல் பக்கம் நிற்பதற்குக் காரணம் வேறு. அதில் வேண்டிய நிறத்தை, அதாவது ஒலியின் தனிச்சாயலை, ஈக்வலைசரில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) பிறகு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஸ்பீக்கரிலேயே ஊறிய நிறத்தைப் பல நேரம் வெளியே எடுக்க முடியாது. ஆறரை அங்குல ஊஃபர் (கீழ் ஒலிகளுக்கான பெரிய கூம்பு) மேல் அதிர்வெண்ணுக்குப் போகப் போக ஒலியைப் பக்கவாட்டில் விரிக்காமல் நேராகக் குறுக்கி அனுப்பும். இரண்டும் வேலை மாற்றிக்கொள்ளும் கிராஸ்ஓவர் புள்ளி தாண்டி ட்வீட்டர் (மேல் ஒலிகளுக்கான சிறியது) எடுத்துக்கொண்டதும் பக்கவாட்டு ஒலி திடீரென விரியும். சுவரில் பட்டு வரும் அந்த விரிந்த ஒலியை ஈக்வலைசரில் குறைத்தால் நேர் ஒலியும் சேர்ந்தே குறையும். மாட்டிக்கொண்டோம்.

ஒலி ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பிறகு ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்திலும் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து ஒப்பிட வைத்தார். பெரும்பாலானோருக்குப் பிடித்தவை எதிரே நேராக வரும் ஒலியில் சமமாகவும் பக்கவாட்டில் சீராகவும் ஒலித்தவையே. திரையை விலக்கினால் தோற்றமும் பெயரும் மதிப்பெண்ணை மாற்றிவிட்டன என்பதும் பதிவாகியிருக்கிறது.

மறுகட்சியிலும் நியாயம் உண்டு. பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ, பெயருக்கு மானிட்டர்தான் (பதிவைச் சரிபார்க்கும் ஸ்பீக்கர்). ஆனால் அதன் ஒலியில் உள்ள சின்னச் சின்ன மேடுகளால் மனிதக் குரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி கேட்கும், அதற்காகவே ஐம்பது வருடமாக அதைத் தேடி வாங்குகிறார்கள். குரலும் சிறு குழு இசையும் மட்டும் கேட்பவரிடம் போய் அளவீட்டு வரைபடத்தை நீட்டுவது வீண்வேலை.

ஷோரூமில் ஜெயிக்கிற நிறம் மட்டும் வேறு சமாச்சாரம். ட்ரெபிளை (மேல் ஒலிகளை) தூக்கி வைத்தால் சிம்பலின் ஒவ்வொரு சிலிர்ப்பும் பளிச்சென்று தெரியும், என்ன நுணுக்கம் பாருங்கள் என்று தோன்றும். ஒரு மணி நேரம் கழித்துப் பாடகியின் ஒவ்வொரு 'ஸ'வும் காதில் ஊசியாகக் குத்தும்.

பேஸ் (கீழ் ஒலிகள்) விஷயத்தில் இரண்டு கட்சியும் ஒன்றுதான். சுமார் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறைதான் ராஜா. எவ்வளவு நியூட்ரலான பெட்டியானாலும் உட்காரும் இடத்தில் பத்து டெசிபல் ஏற்ற இறக்கம் சாதாரணம், அங்கே ஸ்பீக்கரை இடம் மாற்றி வைப்பதும் அளந்து திருத்துவதும்தான் உதவும்.

அப்புறம், சிங்கிள் எண்டட் ட்ரையோட் எனும் பழைய பாணி வால்வ் ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் வெளியீட்டு மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு எதிரான தடை) அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் மின்மறுப்பு ஏறி இறங்கும் இடமெல்லாம் ஒலியும் ஏறி இறங்கும். நியூட்ரல் ஸ்பீக்கரையே வாங்கினாலும் கேட்பது நியூட்ரலாக இருக்காது, மின்மறுப்பு அதிகம் ஆடாத மாடலாகப் பார்த்து எடுத்தால் மட்டுமே ஓரளவு தப்பிக்கலாம்.