ஆறு வருஷமாக எல்சிஏ போட்டுப் பார்க்கிறேன், என் அனுபவம்

2019-ல் ஒரு பள்ளிக் கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு, அதாவது எல்சிஏ, அப்போதுதான் முதன்முதலில் செய்தேன்: பொருள் தயாரிப்பிலிருந்து கட்டடத்தின் பயன்பாடு வரை எவ்வளவு கரியமில வாயு வெளியேறும் என்ற கணக்கு அது. அதற்குள் வரைபடமெல்லாம் முடிந்து அஸ்திவாரமும் போட்டாயிற்று. அளவுகளை உள்ளே கொடுத்தோம், கலர் கலராக சார்ட் வந்தது, ஃபைலில் சேர்த்தோம், கட்டடத்தில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. அந்த சார்ட்டில் பாதிக்கு மேல் கான்கிரீட்டும் கம்பியும்தான். இரண்டு மாதம் முன்னாலேயே பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அதனால் இப்போதெல்லாம் பென்சில் ஸ்கெட்ச் இருக்கும்போதே கணக்குப் போட்டுவிடுகிறேன். கான்கிரீட், கம்பி, செங்கல், அலுமினியம் என்று நான்கே வரி, எக்செல் போதும். போன வருஷம் ஒரு வீடு, தளம் 1,800 சதுரடி. பெரிய ஹால் வேண்டும் என்றார்கள், நடுவில் தூணே இல்லாமல் வரைந்திருந்தேன், ஸ்லாப் 6 அங்குலம் வந்தது. ஹாலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே ஒரு பீம், இரண்டு தூண் கொடுத்துப் பார்த்தோம், 5 அங்குலம் போதும் என்றார் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். ஒரு அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் அது 150 கன அடி கான்கிரீட். பீம், தூண், ஃபுட்டிங் எல்லாவற்றுக்கும் போனது போக 100 கன அடி மிச்சம், சிமென்ட்டில் சொன்னால் ஏறக்குறைய 18 மூட்டை, கரியமில வாயுவில் சொன்னால் முக்கால் டன். வீட்டுக்காரருக்குச் செலவும் குறைந்தது, ஹாலும் சின்னதாகத் தெரியவில்லை.

சிமென்ட் ஏன் இப்படி முன்னால் வந்து நிற்கிறது என்று பலர் கேட்கிறார்கள். சூளையில் எரிக்கும் கரி ஒரு பங்குதான், சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும்போது கல்லிலிருந்தே வெளியேறும் வாயு அதைவிட அதிகம். கரியை நிறுத்தினாலும் அது நிற்காது. அப்படிச் சுட்டு வரும் கட்டிதான் கிளிங்கர், அதை அரைத்துத்தான் சிமென்ட்; சிமென்ட்டில் கிளிங்கரைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கும் வழி. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா சிமென்ட்) வகையில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்கலாம், இரும்பு உலைக் கசடு கலந்த கசடு சிமென்ட்டில் 70 சதவீதம் வரை கசடு போகலாம். இதில் ஒரு தொந்தரவும் உண்டு: 7 நாள் தண்ணீர் விட்டால் போதாது, 10 நாளாவது விட வேண்டும், சென்ட்ரிங் பிரிக்கவும் பொறுக்க வேண்டும், மேஸ்திரி முணுமுணுப்பார். ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், வேலை நடக்கும்போது சொன்னால் எடுபடாது.

அப்புறம் இந்தக் கணக்குக்கான மென்பொருள் கருவி. முதல் இரண்டு வருஷம் கட்டணக் கருவி ஒன்று வைத்திருந்தேன். வேகம் நன்றாகவே இருந்தது, கட்டடம் வரையும் ரெவிட் மென்பொருளிலிருந்து அளவுகளை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் செங்கல் என்று போட்டால் ஐரோப்பாவில் கேஸில் சுட்ட செங்கல் வந்து நிற்கும். நாம் வாங்குவதோ விறகிலும் கரியிலும் சுட்ட சூளைக் கல். ஒருநாள் அலுமினிய ஜன்னலுக்கு, அலுமினியம் தயாரான நாட்டை மட்டும் மாற்றிப் பார்த்தேன், எண் மூன்று மடங்குக்கு மேல் எகிறியது. நீர்மின்சாரத்தில் உருக்கிய அலுமினியமும் நிலக்கரி மின்சாரத்தில் உருக்கியதும் ஒன்றாகுமா? அதுவரை நான் கொடுத்த இரண்டு ரிப்போர்ட்டிலும் அந்தத் தவறு இருந்தது, இரண்டையும் திருத்தி அனுப்பினேன். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சி 2017-ல் இந்தியக் கட்டுமானப் பொருட்களுக்கென்றே வெளியிட்ட தரவுத்தளம் இந்த இடத்தில் பெரிய உதவி. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஐசிஈ என்ற பட்டியல், பொருள்வாரியாகக் கரியமில வாயு அளவு தருவது, அதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன். மூன்று பேர் அலுவலகத்துக்கு வருஷ சந்தா கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டேன். இப்போது ஓப்பன்எல்சிஏ என்ற மென்பொருள், அது இலவசம், ஆனால் அதற்குள் போடும் தரவுத்தளங்களில் பல காசு கொடுத்து வாங்க வேண்டியவை. கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

டென்மார்க்கில் 2023-லேயே 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கு இந்தக் கணக்கில் உச்சவரம்பே வைத்துவிட்டார்கள். இங்கே வீட்டுக்காரர் யாரும் கேட்பதில்லை, அதனால் இதற்குத் தனியாக ஃபீஸும் வாங்க முடியவில்லை. இருந்தாலும் செய்கிறேன்.

பொருள் கணக்கோடு நிறுத்திவிட்டால் ஏமாந்துபோவோம், இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். நம் கிரிட் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஒரு ஏசி நாளைக்கு 6 யூனிட் வீதம் 180 நாள் ஓடினால் அதுவே முக்கால் டன், அதாவது அந்த ஸ்லாபில் பாடுபட்டு மிச்சம் பிடித்தது முழுவதும் ஒரே வருஷத்தில் போய்விடும். அதே வீட்டில் மாஸ்டர் பெட்ரூம் மேற்கே பார்த்து இருந்தது. இந்தக் கணக்கைக் காட்டியதும் வீட்டுக்கார அம்மாவே கேட்டார், "மாடிப்படியையும் பாத்ரூமையும் அந்தப் பக்கம் தள்ளினா என்ன சார்?" தள்ளினோம். ஏசிக்கு லைன் மட்டும் இழுத்து வைத்திருக்கிறார்கள், இந்தக் கோடையை ஃபேனிலேயே ஓட்டிவிட்டார்கள்.