சன்னலா, முக்காலியா?

செம்பருத்தி ஒருநாள் பூ. சாயங்காலம் அது சுருண்டு வாடினாலும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு விடாது. காம்போரம் அலகால் குத்தித் தேனை உறிஞ்சும். அந்த நொடியை எப்படிப் படம் பிடிப்பது?

செடியருகே கேமரா முக்காலியில் (டிரைபாட்) போனை வைத்து, தள்ளி நின்று புளூடூத் ரிமோட்டால் அழுத்தலாம். செலவு குறைவு. ஆனால் குருவி எந்தப் பூவுக்கு வரும் என்று யார் கண்டது? பாதிப் படத்தில் வால்தான் மிஞ்சும்.

நான் சன்னல் பக்கம். கொசுவலையைத் திறந்து, விளக்கை அணைத்து, தூரத்தை அருகில் காட்டும் 300 மி.மீ. லென்ஸோடு உட்கார்ந்தால் குருவி நம்மைச் சட்டை செய்வதில்லை. அலகில் ஒட்டிய மகரந்தம்கூடத் தெரியும். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். அந்தத் தலை ஒரு நொடி சும்மா இருக்காது. மாலை வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு அளவு) ஏறும், படம் கொஞ்சம் புள்ளி தட்டும். சரி, பரவாயில்லை. கொசுக்கடிதான் தாங்கவில்லை.