பிடரிக் கட்டிக்கு ஊசி போட்டு ஏமாந்த கதை: மும்பையில் தாராவி, சயான் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசி போட்ட மறுநாள் வலி குறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து யாரையும் கைராசி டாக்டர் என்று நம்பிவிடாதீர்கள். நாங்கள் அப்படி நம்பி ஐந்து நாளைத் தொலைத்தோம், என் அண்ணன் இன்னும் கழுத்தில் கட்டோடு இருக்கிறார்.

அண்ணனுக்கு 44 வயது, தாராவியில் தோல் பட்டறை வேலை. மே மாத வியர்வையில் சட்டைக் காலர் உரசி உரசி, பிடரியில் முடி முடியும் இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி கிளம்பியது. வேனல் கட்டி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். முதல் மூன்று நாள் அண்ணி பார்த்தது சரியான வைத்தியம்தான் என்று பிறகு ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்கள். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அதில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து கட்டி மேல் 10, 15 நிமிடம் வைப்பது, ஆறினால் திரும்ப நனைப்பது, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அழுத்தவில்லை, குத்தவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போடச் சொன்னார், தோல் வெந்துபோகும் என்று அண்ணி மறுத்துவிட்டார், நல்லவேளை. சின்னக் கட்டி என்றால் பெரும்பாலும் இந்த ஒத்தடத்திலேயே பழுத்து, தானாக உடைந்து, சீழ் வடிந்து ஆறிவிடும்.

அண்ணனுக்கு ஆறவில்லை. நான்காம் நாள் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, ராத்திரி குப்புறப் படுத்தபடியே விழித்துக் கிடந்தார். அன்றைக்கே சயான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். ஓ.பி. வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று அண்ணன் தயங்கினார், பட்டறையில் யாரோ சொன்னார்கள் என்று பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போனேன். பலகையில் பெயருக்கு முன்னால் டாக்டர், பின்னால் நாலைந்து எழுத்து, பதிவு எண் எங்கேயும் இல்லை. அது இருக்க வேண்டும் என்றே எனக்கு அப்போது தெரியாது.

அந்த ஆள் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அஞ்சு நிமிஷ வேலை என்று இந்தியில் சொன்னார். சுகர் இருக்கிறதா என்று கேட்கவில்லை, காய்ச்சல் பார்க்கவில்லை. எவர்சில்வர் தட்டில் கிடந்த ஒரு ஊசியை எடுத்து ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைத்தார், கட்டியின் நடுவில் குத்தினார், இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்திப் பிதுக்கினார். கட்டி இன்னும் கல் மாதிரி இருந்தது, பழுக்கவே இல்லை. ரத்தம்தான் வந்தது. அண்ணன் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த பிடியில் விரல் நகமெல்லாம் வெளுத்துப்போனது, அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியிலிருந்து மருந்தை ஏற்றி இடுப்பில் ஒரு ஊசி. குப்பியில் 'டெக்சா' என்று தொடங்கும் பெயரைப் படித்தேன், அதற்குள் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. அட்டையிலிருந்து பிரித்து எடுத்த மாத்திரைகள் ஒரு காகிதப் பொட்டலத்தில், தடவ ஒரு டியூப். 1,400 ரூபாய். ரசீது கேட்டதற்கு அடுத்த முறை தருகிறேன் என்றார், மருந்துச் சீட்டும் கிடையாது.

மறுநாள் காலையில் அண்ணன் எழுந்து, "ஏலே, வலியே இல்லடா" என்றார். வீக்கமும் வற்றின மாதிரி இருந்தது. அண்ணி அந்த டாக்டருக்குக் கை எடுத்துக் கும்பிட்டார்கள். ஒத்தடத்தையும் நிறுத்திவிட்டோம், வேலைக்கும் போய்விட்டார்.

எட்டாம் நாள் ராத்திரி நடுக்கத்தோடு காய்ச்சல். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் காது மடலுக்குக் கீழே வரை சிவந்து பளபளவென்று இருக்கிறது, கட்டியின் மேல் சீழ் வரும் வாய், கண் என்போமே, அது ஒன்று இல்லை, ஆறு ஏழு, சல்லடை மாதிரி ஒவ்வொன்றிலிருந்தும் சீழ் கசிகிறது. ஊருக்கு போன் போட்டதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ராஜபிளவையா?" என்பதுதான். காலையில் சயான் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் அதையேதான் கார்பங்கிள் என்றார்கள். பல கட்டிகள் தோலுக்கு அடியில் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்வது. பிடரியிலும் முதுகிலும் வந்தால் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டுமாம். விரலில் குத்திப் பார்த்தார்கள், சுகர் 368. அவருக்குச் சுகர் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

நான் அந்த டியூபை எடுத்துப் போயிருந்தேன். குளோபீட்டசால், நியோமைசின், மைக்கோனசோல் என்று போட்டிருந்தது. குளோபீட்டசால் வீரியமான ஸ்டீராய்டு. குப்பியின் பெயரைச் சொன்னதும் அதுவும் டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டாகத்தான் இருக்கும் என்றார்கள். ஸ்டீராய்டு வீக்கத்தையும் வலியையும் அடக்கும், கூடவே கிருமியோடு சண்டை போடும் உடம்பின் பலத்தையும் அடக்கும், சுகரையும் ஏற்றும். அண்ணனுக்கு வலி போனது அதனால்தான், உள்ளே சீழ் பரவிக்கொண்டே இருந்திருக்கிறது. பழுக்காத கட்டியைப் பிதுக்கினால் கிருமி வெளியே வராது, பக்கத்துச் சதைக்குள் இறங்கும் என்றும் சொன்னார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10.8 வந்தது, ஆகவே சுகர் அந்த ஊசியால் வந்ததில்லை, முன்பே இருந்திருக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் நான்காம் நாளே தெரிந்திருக்கும்.

மரத்துப்போக ஊசி போட்டுக் கீறி, சீழையும் செத்த சதையையும் எடுத்து, பள்ளத்தில் பட்டைத் துணி திணித்துக் கட்டினார்கள். சீழ் சேர்ந்துவிட்டால் மாத்திரை மட்டும் போதாது, வெளியே எடுத்தே ஆக வேண்டுமாம். என்ன கிருமி என்று பார்க்கச் சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி என்று வந்தது, அதற்குக் கேட்கும் ஆன்டிபயாடிக்கை அதன் பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். துண்டு, தலையணை உறை, சவரக் கத்தி எல்லாம் அவருக்குத் தனி, துணிகளை வெந்நீரில் துவைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இதிலிருந்து எனக்குத் தெரிந்ததை அப்படியே சொல்கிறேன். கட்டியோடு காய்ச்சல் வந்தால், சிவப்பு பரவினால், கோடு மாதிரி ஓடினால், ஒன்றுக்கு மேல் கண் வைத்தால், கட்டி மிகப் பெரிதானால், இரண்டு வாரம் ஆகியும் ஆறாவிட்டால் வீட்டு வைத்தியம் போதும் என்று இருக்காதீர்கள். மூக்கு, மேலுதடு பக்கம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம், அங்கிருக்கும் ரத்தக்குழாய்கள் மூளைப் பக்கம் போகின்றன, அங்கே கை வைத்துப் பிதுக்கவே கூடாது. முதுகுத்தண்டு மேல் வந்தாலும், அடிக்கடி வந்தாலும், சுகர்காரர்களுக்கு வந்தாலும் அதே மாதிரிதான். ஆஸ்பத்திரி வரிசைக்குப் பயந்தால் 2022-இல் மாநகராட்சி தொடங்கிய ஆப்லா தவாகானா என்ற இலவச கிளினிக் ஏதாவது பக்கத்தில் இருக்கும், அங்கே போய்க் காட்டுங்கள், காசு வாங்குவதில்லை.

அலோபதி டாக்டர் என்றால் பதிவு எண்ணை கிளினிக்கில் மாட்டியிருக்க வேண்டும், சீட்டிலும் ரசீதிலும் போட வேண்டும் என்பது 2002-இலிருந்து இருக்கிற விதி. மகாராஷ்டிரா மெடிக்கல் கவுன்சில் இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். என்ன ஊசி என்று கேளுங்கள், பிரித்த மாத்திரையை வாங்காதீர்கள். இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை 2018-லேயே சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், ஆனாலும் கடைகளில் சும்மா கிடைக்கிறது, கட்டிக்கு அதை வாங்கித் தடவாதீர்கள்.

எங்கள் பகுதி மாநகராட்சி அலுவலகமான ஜி நார்த் வார்டு ஆபீஸில் சுகாதார அதிகாரியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், டியூப் போட்டோ, கழுத்து போட்டோ எல்லாம் வைத்து. ரசீது இல்லையே என்றார்கள். அன்றைக்கு நின்று கேட்டு வாங்காமல் வந்தது என் தப்பு.

நேற்று சாயந்திரம் அந்தச் சந்து வழியாகப் போனேன். உள்ளே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அக்கா மடியில் பையன், முழங்காலில் கட்டி, துணி சுற்றியிருந்தது. வெளியே கூப்பிட்டு அண்ணன் கழுத்துப் போட்டோவைக் காட்டினேன். அவர் பையனைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்துவிட்டார், மற்றவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.